ஆபத்து வேளையும் பயின்ற கையும்

நோய்களில் இரு வகை உண்டு. முன்கூட்டியே ஆள் அனுப்பிவிட்டு மெல்ல மெல்ல வந்து சேர்வது ஒரு வகை. நீரிழிவும் மூட்டுவாதமும் அத்தகையன. நல்ல வைத்தியரைத் தேடவும், அறிந்தவர் நால்வரைக் கலந்து கொள்ளவும் அவற்றில் நமக்கு அவகாசம் கிடைக்கிறது. மற்றொரு வகையோ கதவைத் தட்டாமலே உள்ளே நுழைவது. மாரடைப்பு, சாலை விபத்து, பாம்புக்கடி, நஞ்சு கலந்த உணவு ஆகிய இவை நாளும் பார்ப்பதில்லை, நாழிகையும் பார்ப்பதில்லை. இவ்வேளைகளில் ஒருவர் பிழைப்பதும் பிழையாமற் போவதும் முதல் ஒரு மணி நேரத்தில் அவரைச் சுற்றி நின்றவர்கள் செய்ததையும் செய்யாததையும் பொறுத்தே பெரும்பாலும் அமைகின்றன.

பிழைப்பை நாடி மைசூருக்கு வந்து குடியேறிய நமக்கு இதில் ஒரு தனிக் கவலையும் உண்டு. சொந்த ஊரில் ஆபத்து நேர்ந்தால் எந்த வீட்டில் வண்டி இருக்கிறது, எந்த டாக்டர் இரவிலும் கதவைத் திறப்பார் என்பது குழந்தைக்கும் தெரியும். இங்கோ, பத்தாண்டு வாழ்ந்த குடும்பத்திலும் இரவு பன்னிரண்டு மணிக்கு எங்கே போவது, எந்த மொழியில் சொல்வது என்ற திகைப்பு எழக் காண்கிறோம். அத்திகைப்பைப் போக்க அவசர மருத்துவத் துறையில் நடந்துள்ள ஆராய்ச்சிகள் சிலவற்றை இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். அவை டாக்டர்களுக்கு மட்டும் உரியவை அல்ல என்பது போகப் போகப் புலனாகும்.

அவசர மருத்துவம் என்பது தனித் துறையாக உருவெடுத்து நெடுங்காலம் ஆகவில்லை. அமெரிக்காவில் சின்சினாட்டிப் பல்கலைக்கழகம் 1970-ஆம் ஆண்டில் இதற்கெனத் தனிப் பயிற்சியைத் தொடங்கியது. நம் நாட்டில் இந்திய மருத்துவக் கழகம் 2009-ஆம் ஆண்டில்தான் இதைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னும் நம் மருத்துவமனைகளில் அவசரப் பிரிவு இருந்ததுண்டு. ஆயினும், ஆபத்தில் வருவோரை முதலில் ஏற்பதற்கென்றே முறையாகப் பயின்ற டாக்டர் இருக்க வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியது அண்மையிலேயாகும்.

சுள்வாடியில் நடந்தது

மைசூரின் மருத்துவமனைகள் அண்மைக் காலத்தில் எதிர்கொண்ட பெருஞ்சோதனை ஒன்றை முதலில் நினைவுகூர்வோம். 2018-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 14-ஆம் நாள், வெள்ளிக்கிழமை. சாமராஜநகர் மாவட்டத்தில் ஹனூரை அடுத்துள்ள சுள்வாடி என்னும் சிற்றூர், தமிழும் கன்னடமும் கலந்து வழங்கும் எல்லைப்புறத்தில் இருப்பது. அங்குள்ள கிச்சுகுத்தி மாரம்மன் கோயிலில் கோபுரத் திருப்பணி தொடர்பான பூசை முடிந்து பக்தர்களுக்குச் சோறு பிரசாதமாக வழங்கப்பட்டது. அதில் பயிருக்கு அடிக்கும் நஞ்சு கலந்திருந்தது. உண்ட சிறிது நேரத்தில் மக்கள் வாந்தியெடுத்துத் தரையில் விழலாயினர். நூற்றுக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். பதினேழு பேர் மாண்டனர். அம்மன் பிரசாதம் என்று கைநீட்டி வாங்கிய சோறே உயிரைக் குடித்த கொடுமையை என்னென்பது! குற்றத்தை விசாரிப்பது நீதிமன்றத்தின் கடமை. நாம் இங்கே பேசப் புகுவது மருத்துவம் பற்றியதேயாகும்.

கலந்திருந்தது மானோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி என்பது ஆய்வில் தெரியவந்தது. 2013-ஆம் ஆண்டு ஜூலையில் பீகார் மாநிலத்துச் சாப்ரா அருகே பள்ளி மதிய உணவில் கலந்து 23 குழந்தைகளின் உயிரைக் கொண்டுபோனதும் இதே நஞ்சுதான். இந்நஞ்சு உடலில் புகுந்தால் வாயில் எச்சில் பெருகும்; கண்ணில் நீர் வடியும்; உடல் வியர்க்கும்; கண்மணி ஊசிமுனை போல் சுருங்கும்; தசைகள் துடிக்கும்; மூச்சுக்குழாய்களில் நீர் நிறைந்து மூச்சுத் திணறும். நரம்புக்கும் தசைக்கும் இடையே செய்தி கொண்டு செல்லும் பொருள் ஒன்று நம் உடலில் உண்டு. தன் வேலை முடிந்ததும் அதை அகற்றிவிடும் நொதி ஒன்றும் உண்டு. அந்நொதியை இந்நஞ்சு கட்டிப் போட்டுவிடுகிறது. செய்தி ஓயாமல் போய்க்கொண்டேயிருக்க, உடல் தன்னையே மூழ்கடித்துக் கொள்கிறது.

சுள்வாடியிலிருந்து மைசூர் நூறு கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்டது. இடையிலுள்ள காமகெரே, கொள்ளேகால் மருத்துவமனைகளில் முதல் சிகிச்சை தந்து, பின்னர் நோயாளிகளை ஆம்புலன்ஸ்களில் மைசூருக்குக் கொணர்ந்தனர். இந்நஞ்சுக்கு ஆளானவர் பலருக்குச் செயற்கைச் சுவாசக் கருவி வேண்டும். படுக்கையருகே இரவு பகலாக ஆள் நின்று கவனிக்க வேண்டும். அத்தனை பேருக்கும் ஒரே மருத்துவமனையில் இடம் எங்கே? ஆகவே அரசின் கே. ஆர். ஆஸ்பத்திரியிலும் நகரின் தனியார் மருத்துவமனைகள் பலவற்றிலும் அவர்களைப் பகிர்ந்து சேர்த்தனர்.

ஒரே நேரத்தில் பலர் வந்து குவியும்போது முதலில் யாரைக் கவனிப்பது என்று தீர்மானிப்பதே ஒரு கலை. உரக்கக் கதறுபவர் முதலில் வேண்டியவர் போலத் தோன்றுவார்; ஓசையின்றிக் கிடப்பவரே உண்மையில் சாவின் விளிம்பில் இருப்பார். மூச்சு, நாடி, நினைவு ஆகியவற்றைச் சில நொடிகளில் பார்த்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் குறித்துப் பிரிக்கும் முறையை அவசரப் பிரிவினர் பயில்கின்றனர். ஆபத்து வந்த பின் புத்தகத்தைப் புரட்டிக் கற்கும் வித்தையன்று அது.

மருந்து ஒன்றே, பலன் இரண்டு

இந்நஞ்சுக்கு முதன்மையான மாற்று அட்ரோபின் என்னும் பழைய மருந்து. விலை மலிந்தது, சிற்றூர் மருத்துவமனையிலும் கிடைப்பது. அப்படியானால் ஓரிடத்தில் நோயாளி பிழைப்பானேன், மற்றோரிடத்தில் மடிவானேன்? இதற்கு விடை தந்த ஆராய்ச்சி ஒன்று வங்காளதேசத்தின் சிட்டகாங் நகரில் நடந்தது. அதன் முடிவு 2012-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

அங்கே நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினர்க்கு வழக்கம்போல் ஒரே அளவு அட்ரோபினைக் குறித்த இடைவெளிகளில் திரும்பத் திரும்பக் கொடுத்தனர். மற்றப் பிரிவினர்க்குச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை நோயாளியைச் சோதித்து, குணம் காணாவிடில் அளவை இரட்டித்து இரட்டித்துக் கொடுத்தனர். நெஞ்சில் நீர் வற்றி மூச்சு தெளிந்தபின் சொட்டுச் சொட்டாகத் தொடர்ந்து ஏற்றினர். நிலைமை கட்டுக்குள் வர முதல் பிரிவில் சராசரியாக 152 நிமிடங்கள் ஆயின. இரண்டாம் பிரிவில் 24 நிமிடங்களே ஆயின. முதல் பிரிவில் மாண்டவர் நூற்றுக்கு 22.5 பேர், இரண்டாம் பிரிவில் 8 பேர்.

இம்முடிவை நாம் நின்று நோக்க வேண்டும். மருந்தும் ஒன்று, நஞ்சின் வகையும் ஒன்று, மருத்துவமனையும் ஒன்று. புதிய யந்திரம் ஏதும் வந்து இறங்கவில்லை. வேறுபட்டது கொடுத்த முறை மட்டுமே. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்கவும், அக்குளைத் தொட்டு வியர்வை காய்ந்ததா என்று பார்க்கவும், நாடியை எண்ணவும் பயின்ற ஒருவர் அருகிலேயே நின்றார். அதுவே வேற்றுமை. பயிற்சியும் ஒரு மருந்து என்று நாம் சொல்வது அலங்காரத்துக்காக அன்று.

மற்றொரு மருந்தின் கதை இதற்கு நேர்மாறானது. பிராலிடாக்சிம் என்பது நஞ்சு கட்டிப் போட்ட நொதியை விடுவிக்க வல்லது என்று பல ஆண்டுகளாகக் கொடுக்கப்பட்டு வந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1990-களில் நடந்த சோதனைகளில் அதனால் பயன் காணப்படவில்லை. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 200 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியான ஆராய்ச்சி, உயர்ந்த அளவில் தொடர்ந்து ஏற்றினால் பயன் உண்டு என்றது. இலங்கையில் 235 பேரிடம் நடத்தி 2009-இல் வெளியான ஆராய்ச்சியோ பயன் இல்லை என்றது. அறிஞர்கள் இன்னும் ஒருமுகமான முடிவுக்கு வரவில்லை. வழக்கம் என்பதனாலேயே ஒன்று சரியாகிவிடாது; அளந்து பார்த்தே துணிய வேண்டும் என்பதே ஆராய்ச்சியின் பண்பு.

இலங்கையைச் சொல்லும்போது வீட்டாருக்கு நேரே பயன்படும் செய்தி ஒன்றையும் சொல்லவேண்டும். சேனநாயக்க, கரலியத்த என்னும் இலங்கை டாக்டர்கள் இருவர் 1987-ஆம் ஆண்டில் ஓர் உண்மையை உலகுக்கு அறிவித்தனர். இந்நஞ்சுண்டவர் முதல் நாளின் கண்டத்தைத் தாண்டித் தெளிந்து பேசத் தொடங்கியபின், ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள், கழுத்துத் தசைகளும் மூச்சுத் தசைகளும் திடீரெனத் தளர்ந்துவிடுவது உண்டு. படுத்திருப்பவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்க இயலாது போவது அதன் முன்னறிவிப்பு. ‘நன்றாகி விட்டாரே, வீட்டுக்கு அழைத்துச் செல்வோம்’ என்று அவசரப்படும் உறவினர் இதை நினைவிற் கொள்வாராக. படுக்கையருகே இருப்பவர் தாயாயினும் தமக்கையாயினும், ‘தலையைத் தூக்கு, பார்ப்போம்’ என்று கேட்டுப் பார்ப்பதும், இயலாவிடில் உடனே நர்ஸை அழைப்பதும் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

வீட்டில் நஞ்சு உட்கொள்ள நேர்ந்தவர்க்கு உப்பு நீரைக் கரைத்துப் புகட்டி வாந்தியெடுக்கச் செய்வது நம்மவரிடம் பழைய வழக்கம். அது வேண்டா. வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கினால் நஞ்சைவிட அதுவே முந்திக் கொல்லும். நஞ்சு பட்ட உடையைக் களைந்து, உடலைச் சோப்பு நீரால் கழுவி, இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து, நஞ்சிருந்த புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைவதே செய்யத்தக்கது. கழுவுபவர் தம் கைக்கு உறை அணிவது நலம்.

மணி ஒன்றின் விலை

நிற்க. காலத்தின் விலையை எண்ணிக்கையாலேயே எடுத்துக்காட்டிய ஆராய்ச்சி ஒன்று உண்டு. விபத்தில் அடிபட்டுக் குருதி பெருகுவோர்க்குக் குருதி உறைவதைக் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். இந்தியா உட்பட 40 நாடுகளின் 274 மருத்துவமனைகளில் 20,211 பேர் இதிற் பங்கு பெற்றனர். முடிவு 2010-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. மருந்து பெற்றவருள் மாண்டவர் நூற்றுக்கு 14.5 பேர், பெறாதவருள் 16 பேர். ஒன்றரைப் பேர்தானே என்று எண்ணற்க. உலகெங்கும் விபத்தில் அடிபடுவோர் தொகையோடு பெருக்கிப் பார்த்தால் அது பல்லாயிரம் குடும்பங்களின் விளக்கு.

அதனினும் முக்கியமானது மறு ஆண்டு வெளிவந்த நுணுக்கம். அடிபட்ட ஒரு மணிக்குள் கொடுத்தால் குருதிப் பெருக்கால் நேரும் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. மூன்று மணிக்குள் கொடுத்தாலும் பயன் உண்டு. மூன்று மணி கடந்தபின் கொடுத்தாலோ சாவு மிகுகிறது! அமுதமே நஞ்சாகும் விந்தை இது. பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையே 2023-ஆம் ஆண்டு மார்ச்சு 12-ஆம் நாள் திறக்கப்பட்ட 118 கிலோமீட்டர் விரைவுச் சாலையில் நம் குடும்பங்கள் ஓயாது போய்வருகின்றன. சாலையோரத்தில் அடிபட்டுக் கிடப்பவரைச் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த மூன்று மணிக் கணக்கில் சேர்கிறது என்பதை மறவாதிருப்போம்.

மாரடைப்பிலும் இதே கதைதான். தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை 2,420 நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடந்தது. சிறு மருத்துவமனைகளையும் பெரிய இருதய மையங்களையும் ஆம்புலன்ஸையும் ஒரே கண்ணியாகப் பிணைத்தால் என்ன நேரும் என்பதே கேள்வி. ஓராண்டுக்குள் மாண்டோர் விகிதம் நூற்றுக்கு 17.6-இலிருந்து 14.2-ஆகக் குறைந்தது. இங்கும் புதிய மருந்து ஏதும் இல்லை. இருந்தவற்றை இணைத்ததே வெற்றி.

கர்நாடகத்திலும் அந்நெறியில் ஒரு திட்டம் உள்ளது. 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் இளவயதில் மறைந்த நடிகர் புனீத் ராஜ்குமார் பெயரால் அரசு தொடங்கிய ‘இருதய ஜோதி’ திட்டம் அது. நெஞ்சுவலியோடு தாலுகா மருத்துவமனைக்கு வருபவரின் இருதய வரைபடத்தை அங்கேயே எடுத்து, நிபுணர்க்கு அனுப்பி, தேவையானால் இரத்தக் கட்டியைக் கரைக்கும் விலையுயர்ந்த ஊசியை இலவசமாகப் போட்டு, பின்னர்ப் பெரிய மையத்துக்கு அனுப்புவது அதன் முறை. ஜெயதேவா இருதய நிறுவனம் அத்திட்டத்தின் தூண். அந்நிறுவனத்தின் மருத்துவமனை மைசூரிலும் இருப்பது நம் நற்பேறு. ‘வாயுப் பிடிப்பாக இருக்கும், சுக்கு கஷாயம் குடித்துப் பார்ப்போம்’ என்று விடியும்வரை காத்திருப்பதே இத்திட்டத்துக்கு நம் வீடுகளில் உள்ள முதற்பகை.

பாம்புக்கடியும் கண்ணாடிக் குழாயும்

மைசூரைச் சுற்றிலும் வயலும் காடும் மிகுதி. நம்மவர் பலர் தோட்டங்களிலும் கட்டிட வேலைகளிலும் உழைப்பவர்கள். 2000 முதல் 2019 வரை இந்நாட்டில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று 2020-இல் வெளியான ஆராய்ச்சி மதிப்பிட்டது. கர்நாடக அரசு 2024-ஆம் ஆண்டில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டியவற்றுள் சேர்த்தது.

பாம்பின் நஞ்சு குருதியைக் கெடுத்துள்ளதா என்று அறியப் பெரிய யந்திரம் வேண்டியதில்லை. புதிய, தூய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது குருதியை எடுத்து இருபது நிமிடம் அசையாமல் வைத்து, பின் சாய்த்துப் பார்க்கின்றனர். உறையாமல் நீராகவே ஓடினால் நஞ்சு வேலை செய்கிறது என்று பொருள். பிளாஸ்டிக் குழாயாயின் முடிவு பிழைபடும். சோப்பால் கழுவிய குழாயாயினும் பிழைபடும். எளிய சோதனைக்கும் பயின்ற கை வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று உண்டோ?

பாம்பு நஞ்சுக்கு மாற்றாகக் கொடுக்கும் சீரமே சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்குவது உண்டு. இலங்கையில் 1,007 பேரிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சீரத்துக்கு முன் மிகச் சிறிய அளவு அட்ரினலின் கொடுத்தால் கடுமையான ஒவ்வாமை நூற்றுக்கு 38 பங்கு குறைவதைக் கண்டனர். பழக்கத்தால் கொடுத்துவந்த வேறு இரு மருந்துகளால் அப்பயன் விளையவில்லை.

வீட்டாரின் கடமை எளியது. கடிவாயைக் கீறுதலும் உறிஞ்சுதலும் இறுகக் கட்டுதலும் ஆகா. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றி, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதே வேண்டுவது. மந்திரிக்கும் இடத்தில் கழியும் மணி திரும்பி வாராது.

பொம்மையிடம் கற்ற பாடம்

இனிப் பயிற்சி பற்றிச் சிறிது கூறுவோம். நின்றுபோன இருதயத்தை, மார்பைத் திறக்காமலே, வெளியிலிருந்து கைகளால் அழுத்தி இயக்கலாம் என்பதை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் மூவர் கண்டு 1960-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதே ஆண்டில் நார்வே நாட்டுப் பொம்மை உற்பத்தியாளர் ஆஸ்முந்து லெர்தால் இம்முறையைப் பயில்வதற்கென ஆளுருவப் பொம்மை ஒன்றைச் செய்து வெளியிட்டார். குழந்தைகள் விளையாடும் பொம்மை செய்தவர் கையால் உயிர் காக்கும் பள்ளிக்கூடம் பிறந்தது.

அப்பயிற்சி பொது மக்களுக்குப் பயன்படுமா? சுவீடன் நாட்டில் மருத்துவமனைக்கு வெளியே, பிறர் காண இருதயம் நின்று விழுந்த 30,381 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2015-இல் முடிவு வெளியிட்டனர். ஆம்புலன்ஸ் வருமுன் அருகிலிருந்தோர் மார்பை அழுத்தத் தொடங்கியவருள், முப்பது நாட்கள் கடந்தும் பிழைத்திருந்தோர் நூற்றுக்கு 10.5 பேர், அவ்வாறு செய்யப்படாதவருள் 4 பேர். அருகிலிருந்தோர் யார்? மனைவி, மகன், அண்டை வீட்டார், வழிப்போக்கர். டாக்டர் அல்லர்.

முறையும் கடினமன்று. விழுந்தவர் அழைத்தால் விழிக்கவில்லை, மூச்சும் ஒழுங்காக இல்லை என்றால், ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவே ஒரு கையின் மேல் மறு கையை வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம் இறங்குமாறு அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் மார்பு மீண்டும் எழ விட வேண்டும். படித்தால் மட்டும் இது வந்துவிடாது; பொம்மையின்மேல் அழுத்திப் பார்த்தால்தான் கைக்கு வரும். கற்ற திறன் மூன்று முதல் ஆறு திங்களில் மங்கத் தொடங்குகிறது என்பதும் ஆராய்ச்சியில் கண்டதே. ஆகவே ஒரு முறை வகுப்பு நடத்திப் படம் எடுத்துக்கொள்வதோடு கடமை தீராது.

ஆராய்ச்சி என்றால் அஞ்சலாமா?

‘பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் நம்மை வைத்துச் சோதனை செய்வார்கள்’ என்ற அச்சம் நம்மவரிடையே உண்டு. மைசூர் மருத்துவக் கல்லூரி 1924-இல் பெங்களூரில் தொடங்கி 1930-இல் இந்நகருக்கு வந்தது. ஜே. எஸ். எஸ். மருத்துவக் கல்லூரி 1984-இல் தோன்றியது. இத்தகைய கல்லூரிகளைச் சார்ந்த மருத்துவமனைகளில் கற்பித்தலும் ஆராய்ச்சியும் நடப்பது இயல்பு. அவை இல்லாவிடில் மேலே சொன்ன உண்மைகளில் ஒன்றும் நமக்குக் கிட்டியிராது.

ஆயினும் நோயாளிக்கு உரிமைகள் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஆராய்ச்சியில் சேர்க்குமுன் அதன் தன்மையை நோயாளி அறிந்த மொழியில் விளக்கி ஒப்புதல் பெற வேண்டும். நினைவிழந்து கிடப்பவர்க்காக உரிய உறவினர் ஒப்புதல் தரலாம். அவர் தெளிந்தபின் அவரிடமும் கேட்க வேண்டும். வேண்டா என்று மறுப்பதற்கும் இடையில் விலகுவதற்கும் உரிமை உண்டு. அதனால் சிகிச்சை குறையலாகாது. எனவே கையெழுத்துக் கேட்டால் அஞ்சி ஓடவும் வேண்டா. படியாமல் ஒப்பமிடவும் வேண்டா. ‘தமிழில் சொல்லுங்கள்’ என்று கேட்பது நம் உரிமை.

நம் வீடுகளில் செய்யத்தக்கன

இவ்வளவும் அறிந்தபின் நாம் செய்யத்தக்கன யாவை? முதலாவது, 108 என்னும் எண்ணை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். 2005-இல் ஐதராபாத்தில் தோன்றிய அச்சேவை, கர்நாடகத்தில் 2008-ஆம் ஆண்டு நவம்பரில் ‘ஆரோக்கிய கவச’ என்ற பெயரில் தொடங்கியது. கட்டணம் இல்லை.

இரண்டாவது, சொல்லவேண்டிய சில கன்னடச் சொற்களை முதியோரும் குழந்தைகளும் பழகிக்கொள்ள வேண்டும். ‘ஆம்புலன்ஸ் பேக்கு’ என்றால் ஆம்புலன்ஸ் வேண்டும் என்பது. ‘எதெ நோவு’ நெஞ்சுவலி. ‘ஹாவு கச்சிதெ’ பாம்பு கடித்துவிட்டது. ‘அபகாத ஆகிதெ’ விபத்து நேர்ந்துவிட்டது. ‘பிரக்ஞெ இல்ல’ நினைவில்லை. ஊரிலிருந்து வந்து தங்கியுள்ள பாட்டி தனியே இருக்கும் பகற்பொழுதில் இவ்வைந்து தொடரும் அவருக்குப் பெருந்துணையாகும். வீட்டு முகவரியையும், அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளியின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்தல் நன்று.

மூன்றாவது, வழியில் அடிபட்டவரைக் கண்டால் போலீஸுக்கு அஞ்சி விலக வேண்டியதில்லை. சட்டச் சடங்குகளைக் காட்டி அவசர சிகிச்சையைத் தாமதிக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1989-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. உதவி செய்தவரைத் துன்புறுத்தலாகாது என்ற நெறிகளுக்கு 2016-இல் வலிமை தந்தது. 2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் அவர்க்குக் காப்பளிக்கிறது. விரும்பாவிடில் தம் பெயரைக்கூட அவர் சொல்ல வேண்டுவதில்லை.

நான்காவது, சங்கத்தின் பொறுப்பு. பொங்கல் விழாவும் ஆண்டு விழாவும் சிறப்பாக நடத்துகிறோம். அவற்றுக்கு வரும் குடும்பங்களுக்கு, பயின்ற ஒருவரை அழைத்து, பொம்மையும் வரவழைத்து, அரைநாள் வகுப்பு நடத்துவது இயலாத காரியமன்று. பெண்மக்கள் அதில் முதலிடம் பெற வேண்டும். பகலில் வீட்டில் இருப்போர் அவர்களே. ஆறு திங்களுக்கு ஒரு முறை அவ்வகுப்பு நடந்தால் கற்றது மங்காது. விழாவில் பாடியவர்க்குப் பரிசளிப்பதுபோல், கற்று முடித்தவர்க்கும் ஒரு சான்றிதழ் அளிப்போம்.

சுள்வாடியில் அன்று நோயுற்றோரைச் சுமந்து ஓடியவர்கள் அவர்தம் உறவினரும் ஊராருமே. முதற்கை எப்போதும் அயலார் கையாகவோ உறவினர் கையாகவோதான் இருக்கிறது. அக்கை பயின்ற கையாக இருக்குமாறு செய்வது நம்மால் ஆகும். அடுத்த திங்கள் கூடும் கூட்டத்தில் இதைப் பற்றி அன்பர்கள் கலந்து பேசி ஒரு நாளைக் குறிப்பார்களாக.